பங்கிட்டு உண்ட நாடு: போர்க்காலப் பிரித்தானியக் குடிமக்களின் வாழ்க்கை

போர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன படைகளும் படைக்கலங்களுமேயாம். வென்றோர் யாவர், தோற்றோர் யாவர், எக்களத்தில் எந்நாளிற் போர் நிகழ்ந்தது என்பனவற்றையே மாணாக்கர் வரலாற்றுப் பாடமென மனனஞ் செய்கின்றனர். படைக்கலம் ஏந்தாத தாயரும் சேயரும் முதியோரும் அந்நாட்களில் எதனை உண்டனர், எங்கே உறங்கினர், தம் பிள்ளைகளை எவ்வாறு படிப்பித்தனர் என்னும் வினாக்கள் பாடநூல்களில் எழுதல் அரிது. ஆயினும் ஒரு நாட்டின் வலிமையை அளந்தறிய விரும்புவோர் போர்க்களத்தை நோக்குவதோடு அந்நாட்டின் அடுக்களையையும் எட்டிப் பார்த்தல் வேண்டும்.

பண்டைத் தமிழர் போரிலும் அறங் கண்டவர். போர் தொடங்குமுன், போரிடற்குரியரல்லாதாரை விளித்து அவர்தம் அரண் சேருமாறு அறிவித்தலை அறநெறியெனப் பாராட்டும் பாட்டொன்று புறநானூற்றில் உண்டு. இருபதாம் நூற்றாண்டிலே ஆகாய விமானம் அவ்வறத்தின் வேரையே அறுத்துவிட்டது. களம் எது, மனை எது என்னும் வேறுபாடு மறைந்தது. போரிடாதார் சென்று சேர்தற்கு அரணும் இல்லாதொழிந்தது. இம்மாற்றத்தை முழுமையாக உணர்ந்த மக்களுள், 1939 தொடக்கம் 1945 வரை நிகழ்ந்த இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியத் தீவில் வாழ்ந்த பொதுமக்களும் ஒருவராவர்.

குண்டுமழைக்கும் உணவுத் தட்டுப்பாட்டிற்கும் இடையே அம்மக்கள் நிலைகுலையாது நின்றனர் என்பது பலரும் அறிந்த செய்தி. அந்நிலைபேறு அவர்தம் பிறவிக்குணமா, அன்றி அவர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாட்டின் பயனா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா.

இருளும் பிரிவும்

1939ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 11.15 மணிக்குப் பிரதமர் நெவில் சேம்பர்லேன் வானொலி வாயிலாகப் போர்ச் செய்தியை அறிவித்தார். ஆயின் அதற்கு இரு நாட்களுக்கு முன்னரே மக்கள் வாழ்க்கை மாறிவிட்டது. செப்டெம்பர் 1ஆம் நாள் தொட்டுத் தெரு விளக்குகள் அணைக்கப்பட்டன. ஒவ்வொரு வீட்டு யன்னலும் ஒளிக்கீற்று வெளியே கசியாதவாறு கருந்துணியாலோ தடித்த கடதாசியாலோ மறைக்கப்பட்டது. மாலைதோறும் யன்னல்களை மூடுதல் இல்லத்தரசியரின் நீங்காக் கடமைகளுள் ஒன்றாயிற்று. ஒளி கசிந்த வீட்டின் கதவைக் காவற்றொண்டர் தட்டி எச்சரிப்பர். தவறு செய்தோர் தண்டமும் இறுத்தனர். தெருவோரத்து மரங்களிலும் நடைபாதை விளிம்புகளிலும் வெள்ளை வர்ணம் பூசினர். இத்தனை செய்தும் இருளில் வண்டிகள் மோதி மாண்டோர் பலர். 1940ஆம் ஆண்டில் வீதி விபத்துக்களில் இறந்தோர் தொகை 9,000ஐத் தாண்டியது. பகைவன் குண்டு வந்து விழுமுன்னரே அவன்பால் வைத்த அச்சம் உயிர்களைக் கொள்ளத் தொடங்கிவிட்டது.

அதே நாளிலேதான் பிள்ளைகளைப் பெருநகர்களினின்றும் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பும் வேலையும் தொடங்கியது. சில நாட்களுள் ஏறத்தாழ 15 இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவருட் பள்ளிப் பிள்ளைகள் 8 இலட்சத்திற்கு மேற்பட்டோர். குழந்தைகளுடன் சென்ற தாய்மாரும் பலராவர். பிள்ளைகளுடன் ஏறத்தாழ ஓர் இலட்சம் ஆசிரியர்களும் துணைவர்களும் சென்றனர் என்பது ஆசிரியத் தொழிலில் உள்ள நம் போன்றோர் மனத்தைத் தொடும் செய்தியாகும். பிள்ளையின் சட்டையில் பெயரெழுதிய அட்டை. கையில் ஒரு சிறு மூட்டை. தோளில் நச்சுவாயு முகமூடி வைத்த கடதாசிப் பெட்டி. புகையிரத மேடைவரை கூடச் செல்லவும் பல தாய்மாருக்கு அனுமதி கிடைக்கவில்லை. தம் பிள்ளை எவ்வூருக்குச் செல்கின்றது என்பதையும் அவர்கள் அறியார். சென்று சேர்ந்தபின் பிள்ளை எழுதும் அஞ்சலட்டையே அதனைத் தெரிவித்தது.

சென்ற ஊரிலே ஒரு மண்டபத்தில் பிள்ளைகளை நிறுத்துவர். அவ்வூரார் வந்து தமக்கு வேண்டியவரைத் தெரிந்து அழைத்துச் செல்வர். வேலைக்கு உதவக்கூடிய வலிய சிறுவரும் அழகிய சிறுமியரும் முதலில் தெரிவு செய்யப்பட, நலிந்தோரும் அழுக்குடையோரும் கடைசிவரை நின்றனர். யாரும் விரும்பி அழையாது நின்ற அந்நேரத்தின் துயரை அறுபது ஆண்டுகளின் பின்னரும் மறவாது கூறிய முதியோர் உளர். ஏற்றுக்கொண்ட குடும்பத்தாருக்கு அரசாங்கம் ஒரு பிள்ளையாயின் வாரத்திற்கு 10 சிலிங் 6 பென்சும், ஒன்றிற்கு மேற்படின் தலைக்கு 8 சிலிங் 6 பென்சும் கொடுத்தது. அன்புள்ள இல்லங்களும் இருந்தன. பிள்ளைகளை ஏவலாளர்போல் நடத்திய இல்லங்களும் இருந்தன. எதிர்பார்த்த குண்டுவீச்சு உடனே நிகழாமையால், 1940 ஜனவரி அளவில் இடம்பெயர்ந்தோருள் அரைவாசிக்கு மேற்பட்டோர் வீடு திரும்பினர்.

எனினும் அவ்விடப்பெயர்வு ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. தலையிற் பேனும் காலிற் கிழிந்த சப்பாத்துமாக வந்த நகரத்துச் சிறுவரைக் கண்டபோதுதான், நாட்டுப்புறத்து வசதியுடையோர் பலர் தம் நாட்டிலேயே இத்துணை வறுமை உண்டென்பதை அறிந்தனர். சிலர் அப்பிள்ளைகளின் தாய்மாரை இகழ்ந்தனர். வேறு சிலர் வெட்கினர். பின்னாளில் நிகழ்ந்த சீர்திருத்தங்களுக்கு அவ்வெட்கமும் ஒரு வித்தாயிற்று.

பங்கீட்டின் இயல்பு

பிரித்தானியா தான் உண்ணும் உணவின் பெரும்பகுதியைக் கப்பல் வழியாகப் பெற்றுவந்த நாடு. கோதுமை கனடாவிலிருந்தும், இறைச்சி ஆர்ஜென்ரீனா, நியூசிலாந்து முதலிய நாடுகளிலிருந்தும், தேயிலை இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றன. ஜேர்மனியரின் நீர்மூழ்கிகள் அக்கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கவே, கப்பலில் எஞ்சிய ஒவ்வோர் அடி இடமும் விலைமதித்தற்கரிய பொருளாயிற்று. உணவு குறைந்தவிடத்து விலை ஏறும். விலை ஏறியவிடத்துப் பணமுடையோர் உண்பர், இல்லாதோர் பட்டினி கிடப்பர். இதனைத் தடுக்கும் வழியே பங்கீடு.

1940 ஜனவரி 8ஆம் நாள் பன்றியிறைச்சி, வெண்ணெய், சீனி என்னும் மூன்றும் பங்கீட்டின்கீழ் வந்தன. பின்னர் இறைச்சி, தேயிலை, மாஜரின், பழப்பாகு, பாற்கட்டி முதலியன ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அளவுகள் காலத்துக்குக் காலம் மாறின. ஒருவாறு கூறின், வளர்ந்த ஒருவருக்கு ஒரு வாரத்திற்குக் கிடைத்தவை: வெண்ணெய் 2 அவுன்ஸ், மாஜரின் 4 அவுன்ஸ், பாற்கட்டி 2 அவுன்ஸ், சீனி 8 அவுன்ஸ், தேயிலை 2 அவுன்ஸ், முட்டை ஒன்று. கால் இறாத்தல் என்பது 4 அவுன்ஸ் என்பதை எண்ணிப் பார்ப்பின், ஒரு கிழமைக்குரிய வெண்ணெய் ஓர் உள்ளங்கையில் அடங்கும் என்பது புலனாம்.

இவ்வேற்பாடு எவ்வாறு இயங்கிற்று என்பதை மாணாக்கர் கூர்ந்து நோக்கல் வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பங்கீட்டுப் புத்தகம் அளிக்கப்பட்டது. அரச குடும்பத்தினரும் இதற்கு விலக்காகவில்லை. குடும்பத்தினர் தாம் விரும்பிய கடையொன்றில் தம்மைப் பதிவு செய்தல் வேண்டும். அக்கடையிற் பதிந்தோர் தொகைக்கேற்பவே கடைக்காரனுக்குப் பொருள் வழங்கப்படும். ஆகவே முந்தி வந்தவனுக்கு உண்டு, பிந்தி வந்தவனுக்கு இல்லை என்னும் நிலை பங்கீட்டுப் பொருள்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் எழவில்லை. வரிசைகள் நீண்டது மீன், பழம் முதலாய பங்கீடில்லாப் பொருள்களுக்கேயாம். வரிசையில் மணிக்கணக்காய் நிற்றல் எத்தன்மைத்து என்பதை இவ்விதழைப் படிப்போருட் பலர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

யாவர்க்கும் ஒரே அளவு என்பது நீதிபோலத் தோன்றினும், தேவைகள் வேறுபடும் என்பதையும் அவர்கள் மறந்திலர். கருவுற்ற தாய்மாருக்கும் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கும் பச்சை நிறப் புத்தகம் அளிக்கப்பட்டது. பாலிலும் முட்டையிலும் தோடம்பழத்திலும் அவர்க்கே முதலிடம். 1940 யூலை தொடக்கம் அவர்களுக்கு நாள்தோறும் ஒரு பைந்து பால் குறைந்த விலைக்கும், வறியோர்க்கு விலையின்றியும் வழங்கப்பட்டது. மீனெண்ணெயும் பழச்சாறும் பின்னர்ச் சேர்ந்தன. நிலக்கரி தோண்டுவோருக்கும் வயல் வேலை செய்வோருக்கும் பாற்கட்டி மிகுதியாகக் கிடைத்தது. மரக்கறி உணவினர் இறைச்சிப் பங்கைக் கைவிட்டு அதற்கீடாக மிகுதியான பாற்கட்டி பெறலாம் என்னும் விதியும் இருந்தது.

அனைத்தினும் சிறந்த நுட்பம் ஒன்றுண்டு. பாணும் உருளைக்கிழங்கும் போர்க்காலம் முழுவதும் பங்கீட்டுக்கு உட்படவில்லை. சுவைக்குரியவற்றை அளந்து கொடுத்துப் பசிக்குரியவற்றை அளவின்றி விட்டமையால், உடலுழைப்பாளன் பட்டினியுடன் படுக்கைக்குச் செல்லும் நிலை நேரவில்லை. பாண் மட்டும் நிறம் மாறிற்று. 1942ஆம் ஆண்டில் வெள்ளைப் பாண் நின்றுபோக, தவிடு கலந்த சாம்பல் நிறப் பாணே எங்கும் விற்கப்பட்டது. மக்கள் அதனை வெறுத்தனர், உண்டனர், உடல்நலம் பெற்றனர்.

1940 ஏப்ரலில் உணவு மந்திரியாகப் பதவியேற்ற வூல்ற்றன் பிரபு வணிகத் துறையிலிருந்து வந்தவர். அவருக்கு அறிவியல் ஆலோசகராக ஜாக் டிரமண்ட் என்னும் உயிர் இரசாயன அறிஞர் விளங்கினார். எல்சி விடோசன், ரொபேட் மக்கன்ஸ் என்னும் இரு விஞ்ஞானிகளோ, போரினால் உணவு மிகக் குறைந்தால் மனிதவுடல் தாங்குமா என்பதைத் தம்முடலிலேயே சோதித்தறிந்தனர். பாணும் கோவாவும் உருளைக்கிழங்குமாக உண்டு, மலையேறித் தம் வலிமையை அளந்தனர். பிறர்க்கு விதிக்கப்போகும் உணவைத் தாமே முதலில் உண்டு பார்த்தல் எத்துறையினர்க்கும் ஏற்ற நெறியன்றோ!

தோட்டமும் ஊசியும்

உண்பதைப் பங்கிட்டால் மட்டும் போதாது, விளைவிக்கவும் வேண்டும். வெற்றிக்காக நிலத்தைக் கொத்துங்கள் என்னும் இயக்கம் 1939 இறுதியில் தொடங்கியது. புல்வெளிகளும் பூந்தோட்டங்களும் மரக்கறிப் பாத்திகளாயின. இலண்டன் கோட்டையைச் சூழ்ந்த வறண்ட அகழியிலும் மரக்கறி விளைந்தது. நகரத்தார் வாடகைக்கு எடுத்துப் பயிர்செய்த சிறு தோட்டத் துண்டுகள் 14 இலட்சம் வரை பெருகின. படைக்குச் சென்ற ஆடவர்க்குப் பதிலாக வயலில் உழைக்க அமைந்த பெண்கள் சேனையில் ஒரு காலத்தில் 80,000 பேருக்கு மேல் இருந்தனர்.

1941 யூன் 1ஆம் நாள் ஆடையும் பங்கீட்டின்கீழ் வந்தது. தொடக்கத்தில் ஒருவர்க்கு ஆண்டொன்றுக்கு 66 கூப்பன்கள். ஆடவர் முழு உடுப்பொன்றிற்கு 26 கூப்பன்கள் கழிந்துவிடும்; சப்பாத்துச் சோடி ஒன்றிற்கு 7 வேண்டும். கூப்பன் தொகை பின்னர் இன்னுங் குறைக்கப்பட்டது. காற்சட்டையின் அடிமடிப்புக்கும் தடை வந்தது. பழைய போர்வை மேலங்கியாயிற்று. தந்தையின் சட்டை மகனுக்குப் பொருந்துமாறு குறுக்கப்பட்டது. பழையதைத் திருத்தி அணிக என்று அரசாங்கமே கைந்நூல் வெளியிட்டது. சவர்க்காரமும் 1942இல் பங்கீட்டின்கீழ் வந்தது. எரிபொருளைச் சேமிக்குமாறு, குளியற்றொட்டியில் 5 அங்குலத்திற்கு மேல் வெந்நீர் நிரப்பலாகாதென வேண்டினர். அரண்மனைத் தொட்டியிலும் அவ்வளவைக் குறிக்கும் கோடு வரையப்பட்டிருந்தது.

பெண்கள் வாழ்க்கையில் நேர்ந்த மாற்றமே பெரிது. 1941 டிசெம்பரில் இயற்றப்பட்ட சட்டம், 20 வயதிற்கும் 30 வயதிற்கும் இடைப்பட்ட மணமாகாப் பெண்களை நாட்டுச் சேவைக்கு அழைத்தது. தொழிற்சாலையில் விமான உறுப்புக்களைக் கடைந்தும், பேருந்தில் சீட்டு வழங்கியும், மருத்துவ வண்டி ஓட்டியும் உழைத்தனர். ஆயினும் அதே வேலைக்கு ஆடவர் பெற்ற கூலியை அவர்கள் பெரும்பாலும் பெற்றிலர். குண்டினாற் காயமுற்ற பெண்ணுக்கு அளித்த உதவிப்பணமும் 1943 வரை ஆடவனுக்கு அளித்ததிலும் குறைவாகவே இருந்தது. குண்டு ஆண் பெண் என வேறுபாடு பாராட்டவில்லை, சட்டம் பாராட்டியது.

குண்டுமழை

1940 செப்டெம்பர் 7ஆம் நாள் மாலை இலண்டன் துறைமுகப் பகுதி தீப்பற்றி எரிந்தது. அன்று தொட்டு ஏறத்தாழ இரண்டு திங்கள் இரவுதோறும் தலைநகர்மீது குண்டுகள் வீழ்ந்தன. நவம்பர் 14ஆம் நாள் இரவில் கொவென்றி நகரின் நடுப்பகுதி பாழாயிற்று. லிவர்பூல், பிளிமத், ஹல், கிளைட்பாங்க், பெல்பாஸ்ற் என நகரங்கள் பல அவதியுற்றன. 1941 மே மாதம் வரை நீடித்த அக்காலத்தில் ஏறத்தாழ 43,000 பொதுமக்கள் இறந்தனர். போர் முடியும்வரை இறந்த பொதுமக்கள் தொகை 60,000ஐத் தாண்டும்.

மக்கள் எங்கே ஒதுங்கினர்? உள்நாட்டு மந்திரியாயிருந்த சேர் ஜோன் அண்டர்சனின் பெயரால் வழங்கிய தகரப் பதுங்கிடம் ஒன்று வீட்டுத் தோட்டங்களில் அமைக்கப்பட்டது. நான்கடி ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, வளைந்த நெளிதகரங்களைப் பொருத்தி, மேலே மண்ணிட்டு மூடுவர். ஆண்டு வருமானம் 250 பவுணுக்குக் குறைந்தோர்க்கு அஃது இலவசம். ஈரமும் குளிரும் அதன் குறைகள். மழை பெய்தால் நீர் நிற்கும். தோட்டமில்லாதோர்க்கு 1941இல் வேறொரு வகை வந்தது. பகலில் உணவு மேசையாகவும் இரவில் அதன்கீழ்ப் படுக்கும் இரும்புக் கூடாகவும் உதவிய அதற்கு அடுத்த மந்திரி ஹேர்பேட் மொறிசனின் பெயர் வழங்கிற்று.

நிலக்கீழ்ப் புகையிரத நிலையங்களை மக்கள் அடைக்கலமாகக் கொள்ளுதலை அரசாங்கம் முதலில் விரும்பவில்லை. மக்களோ பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே சென்று வெளிவராது தங்கினர். அரசாங்கம் இணங்கிற்று, படுக்கைகளும் கழிப்பிடங்களும் தேநீர்ச்சாலைகளும் பின்னர் அமைந்தன. ஆயினும் 1940 நவம்பரில் எடுத்த கணக்கின்படி இலண்டன் மக்களுள் நூற்றுக்கு நால்வரே அந்நிலையங்களில் உறங்கினர். பெரும்பாலோர் தத்தம் வீடுகளிலேயே தங்கி, விடிந்ததும் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி ஒதுக்கிவிட்டு வேலைக்குச் சென்றனர்.

அடைக்கலமே அழிவாயினமையும் உண்டு. 1943 மார்ச் 3ஆம் நாள் இரவு, கிழக்கிலண்டனில் பெத்னல் கிறீன் நிலையப் படிக்கட்டில் ஒருவர் இடறி வீழ, இருளிற் பின்வந்தோர் ஒருவர்மேல் ஒருவராக வீழ்ந்து 173 பேர் மூச்சடங்கி மாண்டனர். அவருள் 62 பேர் சிறுவர். அன்றிரவு அவ்விடத்தில் ஒரு குண்டேனும் விழவில்லை. படிக்கட்டின் குறைகள்பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் ஆவன செய்யப்படவில்லை. அச்செய்தியின் முழு விவரத்தையும் அரசாங்கம் போர் முடியும்வரை வெளியிட்டிலது.

மறுபக்கம்

ஒரு பக்கத்தை மாத்திரம் கூறுதல் ஆராய்ச்சியாகாது. எல்லாரும் ஒரு தாய் மக்களாய் வாழ்ந்தனர் என்னுங் கூற்று முழுவதும் மெய்யன்று. கள்ளச் சந்தை இருந்தது. இடிந்த வீடுகளிற் புகுந்து திருடியோர் நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்டனர். உணவுச்சாலைகளில் உண்பதற்குக் கூப்பன் வேண்டாமையால், செல்வர் தம் பங்கிற்கு மேலும் உண்ண முடிந்தது. இதன்மேல் முறைப்பாடுகள் எழவே, 1942 யூனில் ஒரு வேளை உணவின் விலை 5 சிலிங்குக்கு மேற்படலாகாதென விதித்தனர். ஹிற்லருக்கு அஞ்சி ஓடிவந்த யூத அகதிகள் உள்ளிட்ட பிறநாட்டார் ஆயிரக்கணக்கானோர் 1940இல் பகைவரென ஐயுறப்பட்டுத் தடுப்புமுகாம்களில் அடைக்கப்பட்டனர்.

இவை யாவற்றினும் பெரியதொரு குறை உண்டு. அது பிரித்தானியத் தீவில் நிகழவில்லை. அவ்வரசின் ஆட்சிக்குட்பட்ட வங்காளத்தில் நிகழ்ந்தது. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டமையால் அந்நாட்டரிசி நின்றது. அவ்வாண்டு இறுதியிற் சூறாவளி பயிரை அழித்தது. விலை பன்மடங்கு ஏறிற்று. கல்கத்தாவிற் போர்த்தொழில் செய்வோர்க்கு அரிசி உறுதி செய்யப்பட்டது. நாட்டுப்புறத்துக் கூலியாளருக்கும் மீனவர்க்கும் அவ்வுறுதி இல்லை. 1943இல் தொடங்கிய அப்பஞ்சத்தில் மாண்டோர் 30 இலட்சம் வரை எனப் பலர் கணிப்பர். சிறு பிராயத்தில் அப்பஞ்சத்தைக் கண்ட அமர்த்தியா சென், 1981இல் வெளியிட்ட தம் நூலில், உணவு அறவே இல்லாமையால் அன்று, அதனைப் பெறும் வலி மக்கட்கு இல்லாமையாலேயே பஞ்சம் விளைந்தது என நிறுவினார். ஒரே அரசு, ஒரே போர், ஒரே ஆண்டு. ஓரிடத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் பால் எண்ணிக் கொடுக்கப்பட்டது. மற்றோரிடத்தில் இறந்தோரை எண்ணுதற்கும் ஆளில்லை. பங்கீட்டைப் போற்றும் நாம் அதன் எல்லை எங்கே முடிந்தது என்பதையும் மறத்தலாகாது.

இலங்கையிலும் பர்மா அரிசி நின்றமையால் அக்காலத்தில் அரிசிக்குப் பங்கீடு வந்தது. கூப்பன் என்னும் சொல் நம் வீட்டு வழக்கிற் கலந்ததும் அவ்வழியேயாம். இலண்டன் மாதொருத்தி பெற்ற இரண்டு அவுன்ஸ் தேயிலையிற் கணிசமான பங்கு நம் மலையகத்துத் தமிழ்த் தொழிலாளர் கொய்து அனுப்பியது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பயன்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அம்மக்களின் நிலைபேறு பிறவிக்குணமெனின், பெத்னல் கிறீனில் நெரிசலும் இடிபாடுகளிற் களவும் நிகழ்ந்திரா. அவர்களும் நம்மைப்போல அஞ்சியும் சினந்தும் முறையிட்டும் வாழ்ந்த எளிய மனிதரே. அவர்களைத் தாங்கியது, சுமை ஒருவாறு ஒத்த அளவினதாகப் பகிரப்படுகின்றது என்னும் நம்பிக்கை. செல்வரின் வருமானவரி 1941இல் பவுணொன்றிற்குப் பத்துச் சிலிங்காக உயர்த்தப்பட்டது. போரினால் வந்த மிகையிலாபம் வரியாகக் கொள்ளப்பட்டது. அயல்வீட்டானுக்கும் அதே இரண்டு அவுன்ஸ்தான் என்பதை அறிந்தவன் தன் இரண்டு அவுன்ஸை முணுமுணுத்துக்கொண்டேனும் ஏற்றான். நம்பிக்கைக்கு ஊறு நேர்ந்தவிடத்தெல்லாம் மனவுறுதியும் தளர்ந்தது. 5 சிலிங் விதி பிறந்த கதை இதற்குச் சான்று.

அந்நம்பிக்கையின் பயன் உடல்நலத்திலும் காணப்பட்டது. உணவு சுருங்கிய நாட்டிலே, போருக்குமுன் இருந்ததிலும் போர் முடிவிற் குழந்தை இறப்பு வீதம் குறைந்திருந்தது. 1940இல் பள்ளியில் மதிய உணவு உண்ட பிள்ளைகள் முப்பதின்மருள் ஒருவர். 1945இல் மூவருள் ஒருவர். 1942 டிசெம்பரில் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை வறுமை, பிணி, அறியாமை, அழுக்கு, தொழிலின்மை என்னும் ஐந்தையும் ஒழிக்கவேண்டுமென்றது. வறட்டு அரசாங்க அறிக்கையாகிய அதனைப் பொதுமக்கள் ஆறு இலட்சம் படிகளுக்கு மேல் விலைகொடுத்து வாங்கினர். 1944இன் கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியை யாவர்க்கும் இலவசமாக்கியது. 1948 யூலை 5ஆம் நாள் யாவர்க்கும் மருத்துவம் இலவசமாயிற்று. போரிற் பங்கிட்டு உண்டவர் அமைதிக் காலத்திலும் பங்கு கேட்டனர் எனலாம். பங்கீடு தானும் உடனே ஒழியவில்லை. போர்க்காலத்தில் தடைப்படாத பாண் 1946 தொடக்கம் 1948 வரை பங்கிடப்பட்டது. இறைச்சிப் பங்கீடு 1954 யூலையிலேயே நீங்கியது.

திருக்குறளில் துன்பத்துக்குத் தளராமையைக் கூறும் இடுக்கணழியாமை என்னும் அதிகாரம் எங்கே அமைந்துள்ளது என்பதை மாணாக்கர் எண்ணிப் பார்ப்பாராக. அது துறவியர்க்கு உரிய பகுதியில் இல்லை. பொருட்பாலில், அரசியலின் ஈற்றதிகாரமாக நிற்கின்றது. இறைமாட்சி தொடக்கமாக அரசன் செய்யவேண்டுவனவற்றை இருபத்துநான்கு அதிகாரங்களில் கூறியபின்னரே துன்பத்துக்கு அழியாமை கூறப்படுகின்றது. முறைசெய்யும் அரசும் ஒப்புரவறிந்த அயலும் வாய்த்த மக்களிடத்தே அத்தளராமை இயல்பாய் வந்தமையும் என்பது நாம் இவ்வைப்புமுறையிற் காணும் கருத்து.

இறுதியாக ஒன்று. இச்செய்திகளிற் பல நமக்குக் கிடைத்தது எவ்வாறு? 1937இல் தொடங்கிய மக்கள் நோக்காய்வு என்னும் அமைப்பின் வேண்டுகோளை ஏற்று, இல்லத்தரசியரும் எழுதுவினைஞரும் கடைச்சிப்பந்திகளும் நாட்குறிப்பு எழுதி அனுப்பினர். பரோ என்னும் கப்பற்றொழில் நகரில் வாழ்ந்த நெல்லா லாஸ்ற் என்னும் தாயார், இன்று என்ன சமைத்தேன், மகன் எப்படிப் பிரிந்தான், எங்கே குண்டு விழுந்தது என எழுதியவை 1981இல் நூலாயின. வரலாறு எழுதுகின்றோம் என அவர்கள் செருக்கவில்லை. அன்றாடத்தை மெய்யாக எழுதினர்.

நம் கல்லூரியின் பழைய மாணவருள்ளும் போரும் இடப்பெயர்வும் தட்டுப்பாடும் கண்டோர் பலர். அந்நாட்களில் வீட்டில் எதனை உண்டனர், எவ்விளக்கின் ஒளியிற் படித்தனர், அரிசியை யார் யாருடன் பகிர்ந்தனர் என்பனவற்றை அவர்களே எழுதி வைத்தாலன்றிப் பின்வருவோர் அறியார். மாணாக்கர் தத்தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு ஒரு கொப்பியிற் பதிவாராயின், அடுத்த விழா மலர்க்கு இதனினும் சிறந்த கட்டுரைகள் கிடைக்கும். அவற்றைப் படித்து மகிழ நாமும் காத்திருக்கின்றோம்.